பம்பை விடுங்கள், டேங்க் பக்கம் போங்கள்

"பம்ப் போயிடுச்சு." நகரி, புத்தூர், திருத்தணி என்று எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் பழைய அம்பாசடருக்கு இந்த ஒரே தீர்ப்புதான். பெட்ரோல் இன்ஜினை இறக்கி டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டி. காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, அறுபதைத் தாண்டினால் திணறுகிறது. உடனே இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றி கேலிப்ரேஷனுக்கு அனுப்புகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து மாட்டிய பிறகும் அதே திணறல். எத்தனை முறை சொல்வது? இந்த வண்டிகளில் பெரும்பாலும் பம்பின் மேல் தப்பே இல்லை.

அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் 1489 சி.சி. டீசலும் 1489 சி.சி.தான். இரண்டும் பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம். அதனால் மாற்று இன்ஜின் பெரிய சிரமமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் வினை. டேங்க், பைப், மூடி எல்லாம் பெட்ரோலுக்கு வைத்த அதே பழசு.

டீசல் நாசில் திறக்க நூறு பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். லைனில் காற்றுக் குமிழி நுழைந்தால், பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் குமிழிதான் சுருங்கும், நாசில் திறக்காது. "கீழே ஒரு சொட்டுகூட ஒழுகலையே அண்ணே" என்பார்கள். ஒழுகாது! டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல, காற்றுதான் உள்ளே வரும். ராத்திரி வண்டி நிற்கும்போது அதே ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் வெறும் லைனை வைத்துக்கொண்டு பேட்டரியைக் கொல்கிறீர்கள்.

பம்பைக் கழற்றுமுன் ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுங்கள். ஃபீட் பம்பிலிருந்து புது ட்ரான்ஸ்பரன்ட் டியூபை நேரே கேனுக்குள் விடுங்கள், ரிட்டர்னையும் கேனுக்கே கொடுங்கள். லைனில் இருக்கும் ஏரை எடுத்து, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் காலை அப்படியே ஸ்டார்ட் செய்யுங்கள். பட்டென்று பிடித்தால் கோளாறு பின்னால்தான்: இறுகி வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், திரும்பத் திரும்பப் போட்ட காப்பர் வாஷர். ஓடும்போது திணறினால், ஓரம் கட்டி டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து வண்டி சரியானால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் டேங்கைக் கழற்றித் துருவைக் கழுவுங்கள்.

ரிட்டர்ன் லைனையும் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியின் டேங்கில் அதற்கு வழி இருக்காது. சோம்பேறித்தனமாக உறிஞ்சும் லைனிலேயே 'டி' போட்டு இணைத்துவிடுகிறார்கள். சூடான டீசலும் குமிழியும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். டேங்குக்குத் தனி பைப் போடுங்கள்.

வெயிலில் பம்பின் மேல் ஈரத்துணி? ஆவி அடைப்பு பெட்ரோலின் தொல்லை. இந்தச் சூட்டுக்கு டீசல் கொதிக்காது. மண்ணெண்ணெய் கலந்தால் லைன் சுத்தமாகுமா? ஆகாது. டீசலின் வழுவழுப்பில்தான் பம்ப் தேயாமல் ஓடுகிறது, அதையும் கெடுப்பீர்கள். நடுவில் எலக்ட்ரிக் பம்ப் போடும் வைத்தியம் இவை எல்லாவற்றையும்விட மோசம். அது ஓட்டையை அடைப்பதில்லை. காற்று உள்ளே போன இடத்தில் டீசல் வெளியே பீச்சும், சைலன்சர் பக்கம் விழுந்தால் தீப்பிடிக்கும்.

இன்னொன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. ஆர்.சி.யில் பழைய இன்ஜின் நம்பர், எரிபொருள் பெட்ரோல். ஓடுவது டீசல். இப்படியே ஆந்திராவின் ஏ.பி. 03 நம்பரோடு எல்லை தாண்டித் திருத்தணிக்கும் சென்னைக்கும் ஆள் ஏற்றிப் போகிறார்கள். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவது அந்த ஆர்.சி.யைத்தான். பம்புக்கு வைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், அனுமதியையும் பதிவையும் முறையாகக் கேட்டு முடியுங்கள்.