சாமைக்குள் நான்கு எழுத்து

கொல்லிமலை மிளகைக் கடித்தால் நாக்கில் ஏறும் காரம் வேறு, பாடப்புத்தகம் சொல்லும் ‘நைட்ரஜன் காரம்’ வேறு. சொல் ஒன்றாக இருப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். மிளகின் உறைப்பு பைபரின் தருவது. வேதியியலில் காரம் என்றால் ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்ளும் பொருள். டிஎன்ஏவிலும் ஆர்என்ஏவிலுமாக உள்ள அடினின், குவானின், சைட்டோசின், தைமின், யுராசில் என்ற ஐந்துக்கும் அந்தப் பெயர் வந்தது அவற்றில் உள்ள நைட்ரஜனால். டிஎன்ஏவை அமிலம் என்பதோ அதிலுள்ள பாஸ்பேட்டால்.

“மரபணு மாற்றிய பயிரில்தான் மரபணு இருக்கும், நம்ம நாட்டுச் சாமையில் அதெல்லாம் கிடையாது” என்று நல்ல மனதோடு சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. சாமை விதையின் முளையில் உள்ள செல்களிலும் டிஎன்ஏ இருக்கிறது. அதில் இருப்பவை அடினின், தைமின், குவானின், சைட்டோசின். உங்கள் உடம்பிலும் அதே நான்குதான். சாமைச் சோற்றோடு உள்ளே போகும் டிஎன்ஏவைக் குடல் நொதிகள் துண்டாக்கிவிடும். அது நம் மரபணுவோடு ஒட்டிக்கொள்வதில்லை.

அப்படியானால் கொல்லிமலையின் பெருஞ்சாமையும் சடஞ்சாமையும் மல்லியச்சாமையும் கட்டவெட்டிச்சாமையும் எதில் வேறுபடுகின்றன? காரங்களில் அல்ல, அவை நிற்கும் வரிசையில். அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் சேரும். முதல் இணைக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, அடுத்ததற்கு மூன்று. இந்த விதி எல்லா வகைக்கும் ஒன்றே. வரிசை மட்டும், மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்ததில் அமைந்தது. ஒரு வகை அழிந்தால் அந்த வரிசையை யாராலும் நினைவிலிருந்து எழுதிவிட முடியாது.

“டிஎன்ஏவில் யுராசில் வரவே வராது, அது ஆர்என்ஏவுக்கு மட்டும்” என்பதைத் தேர்வில் எழுதலாம். செல்லுக்குள் நடப்பது வேறு. சைட்டோசின் தானாகவே ஓர் அமினோ தொகுதியை இழந்து யுராசிலாக மாறிவிடும். அதைக் கண்டுபிடித்து வெட்டி எடுக்கும் நொதியை டோமஸ் லிண்டால் 1974இல் விவரித்தார். டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆய்வுக்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டிஎன்ஏ தைமினை வைத்திருப்பதன் அருமை இங்கே தெரியும். யுராசிலே இயல்பாக இருந்திருந்தால் எது சரி, எது பழுது என்று செல்லுக்குப் பிரித்தறிய வழியில்லை.

இதிலிருந்துதான் கடைசி நம்பிக்கைக்கு வருகிறேன்: “விதையை வங்கியில் போட்டுவிட்டோம், இனி கவலையில்லை.” கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் சிறுதானிய வகைகளைக் காக்க உழைத்து வருகிறது. விதை வங்கி அவசியமானதே. ஆனால் காய்ந்த விதைக்குள் பழுதுபார்க்கும் நொதிகள் முடங்கிக் கிடக்க, காரங்களில் சேதம் மெல்லச் சேர்கிறது. ஈரம் பட்டதும் விதை டிஎன்ஏவைச் சீராக்கத் தொடங்கும். சேதம் எல்லை கடந்திருந்தால் முளைக்காது. குளிரில் வைத்தால் நாள் தள்ளிப்போகும், அவ்வளவே.

மலையில் பழைய சாமை வகை உங்களிடம் இருந்தால், ஒரு பாத்தியிலாவது அதை மறுபடி விதையுங்கள். கீழ்நாட்டில் இருப்பவர்கள் வாங்கும்போது வகையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.