சர்வீஸ் புக் இல்லாத கார்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஏறத்தாழ ஒரே விலைக்கு இரண்டு பெட்ரோல் ஸ்விஃப்ட் கார்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 2016 மாடல். மீட்டரில் 92,000 கிலோமீட்டர். முதல் ஃப்ரீ சர்வீஸிலிருந்து போன மாதம் ஆயில் மாற்றியது வரை எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. மற்றது 2018 மாடல். அந்த ஆண்டு வந்த புதிய வடிவம், பளபளப்பு குறையாத பெயின்ட், மீட்டரில் 46,000. சர்வீஸ் புக் மட்டும் இல்லை. “வீடு மாறும்போது எங்கேயோ போயிடுச்சு சார்” என்கிறார் விற்பவர். வாங்க வருகிறவர் கண் இரண்டாவது வண்டியை விட்டு நகராது.

அதை உடனே ஒதுக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் கொடுக்கவும் அவசரம் வேண்டாம். ரெக்கார்டு இல்லை என்பதற்குப் பின்னால் மூன்று கதைகளில் ஒன்று இருக்கும். புத்தகம் உண்மையிலேயே தொலைந்திருக்கலாம். வாரன்டி முடிந்ததும் வண்டி கம்பெனி சர்வீஸை விட்டுத் தெரிந்த மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். அல்லது, காட்டினால் விலை விழும் என்று மறைத்திருக்கலாம்.

தொலைந்த கதையைச் சோதிப்பது சுலபம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்த வேலைகள், தேதியும் கிலோமீட்டருமாகப் பதிவு எண்ணின் பேரில் கணினியில் ஏறியிருக்கும். உரிமையாளர் நேரில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துச் சொல்வார்கள். “வாங்க, ஒரு எட்டு சர்வீஸ் சென்டர் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்” என்று விற்பவரைக் கூப்பிட்டுப் பார்ப்பதே பாதிச் சோதனை. அங்கே 2021-இல் 61,000 என்று பதிவாகியிருந்து இன்று மீட்டர் 46,000 காட்டினால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

வெளி மெக்கானிக்கிடம் விட்டது குற்றமல்ல. சிறிய ஊர்களில் அதுதான் வழக்கம். நான்கு வருடம் அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து மூடிய மெக்கானிக்குடன் பத்து நிமிடம் பேசினால், முத்திரை குத்திய புத்தகம் சொல்லாததும் தெரியவரும். முத்திரை வண்டி வந்து போனதைச் சொல்லும். என்ன மாற்றினார்கள் என்பதைச் சொல்லாது. உதிரிபாகக் கடை பில், மெக்கானிக்குக்கு ஜிபே செய்த தேதிகள் ஆகியவையும் ரெக்கார்டுதான்.

யாரும் பேச முன்வராவிட்டால் வண்டியைத்தான் கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. 2018 வண்டியில் நான்கு டயரும் 2020-இல் தயாரானவை என்றால், இரண்டே வருடத்தில் முதல் செட் எப்படித் தேய்ந்தது என்று கேட்கலாம். டாக்ஸியாக டி போர்டில் ஓடிவிட்டு வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியா என்பதையும் அப்படியே விசாரிக்கலாம். இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் பார்க்கத்தக்கது. கிளெய்ம் இல்லாத வருடங்கள் கூடக்கூட அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒரே உரிமையாளரிடம் ஆறு வருடம் இருந்த காருக்கு அது பூஜ்யம் என்றால், கிளெய்ம் வாங்கியிருக்கலாம், அல்லது பாலிசியை நீண்ட நாள் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். ஸ்கேனர் போட்டு ‘எரர் இல்லை’ என்று வந்தாலும் நிம்மதி வேண்டாம். வண்டியின் கணினி தானே செய்துகொள்ளும் ரெடினஸ் சோதனைகள் பல முடியாமல் நின்றால், அண்மையில் யாரோ எரரை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவு பார்த்தும் தெரியாதது மிஞ்சும். அதை எந்த எஞ்சின் தாங்கும் என்பதில்தான் வண்டிக்கு வண்டி வித்தியாசம்.

ஸ்விஃப்ட்டின் கே சீரிஸ் பெட்ரோல் எஞ்சினில் இருப்பது டைமிங் செயின். குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும் என்ற கெடு அதற்கில்லை. ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் காட்டிக்கொடுத்துவிடலாம். அதனால்தான், பார்க்கப் போகும்போது வண்டி முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைக்கப்பட்டிருந்தால் இன்னொரு நாள் வருவது நல்லது. ரெனோ டஸ்டரின் 1.5 டீசலிலும் ஃபோக்ஸ்வாகன் போலோவின் டீசலிலும் இருப்பது பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். அறுவதற்கு முன் சத்தம் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. கடைசியாக எப்போது பெல்ட் மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லையென்றால், மாற்றவே இல்லை என்றே கணக்கு வைக்க வேண்டும். டர்போவும் இன்ஜெக்டரும் சேர்ந்த டீசலுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு. ஆட்டோமேட்டிக்கில் ஏஎம்டி சாதாரண கியர்பாக்ஸின் மேல் மோட்டார் பொருத்தியதுதான், துணிந்து பார்க்கலாம். ரெக்கார்டு இல்லாத சிவிடி, இரட்டை கிளட்ச் வண்டிகளை விட்டுவிடுவதே மேல்.

அந்த 2018 ஸ்விஃப்ட், மெக்கானிக் பேசினால், வாங்கலாம். ஆனால் 2016-இன் விலைக்கு அல்ல. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பிளக், ஃபில்டர் எல்லாம் புதிதாகப் போட எஸ்டிமேட் வாங்கி அதை விலையில் கழிக்க வேண்டும். அடுத்து விற்கும்போதும் இதே கேள்வி வரும் என்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கழிக்கலாம். விற்பவர் இறங்கி வரவில்லையா, 92,000 ஓடிய வண்டியே பாதுகாப்பு.

வெள்ளத்தில் நின்ற கார் என்றால் எந்த விலைக்கும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியலாம். சீட் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பின் அடியில் வண்டல் இருந்தாலும் அதே கதைதான்.

எங்கே வாங்குவது என்பதும் சர்வீஸ் ரெக்கார்டைப் பொறுத்ததே. பில் கையில் இருந்தால் உரிமையாளரிடமே நேரடியாக வாங்குவது மலிவு. பில் இல்லாத வண்டிக்கு மாருதியின் ட்ரூ வேல்யூ, ஹூண்டாய் ப்ராமிஸ் போன்ற இடங்களில் கொடுக்கும் கூடுதல் பணம் அர்த்தமுள்ளது. வாரன்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் அடக்கமா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்லிப் பதிவில் மலிவாக வரும் டீசல் கார்களுக்கு விசாரிக்க மெக்கானிக்கும் இல்லை, பழைய உரிமையாளரும் இல்லை. என்ஓசி அலைச்சலும் இங்கே கட்டும் சாலை வரியும் சேர்ந்தால் மலிவும் மிஞ்சாது.

பேரம் படிந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசியுடன் படிவம் 35. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு 14 நாளில் தெரிவிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடனேயே போய்விடும். அந்த பிரீமியம் வித்தியாசத்தையும் பேரத்தின்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.