விலகலை எழுதி வைப்போம்: பள்ளித் தீ எச்சரிக்கை மணி

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பற்றிய தீ, வகுப்பறைகளின் ஓலைக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. 2009-இல் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் தீயணைப்பான் வைக்கவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் உத்தரவிட்டது. கருவி இருந்தால் மட்டும் போதுமா?

விலகலும் குறைபாடும்

தீ எச்சரிக்கை அமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2189. எச்சரிக்கை ஒலி குறைந்தது 65 டெசிபல், அல்லது சுற்றுப்புற இரைச்சலைவிட 5 டெசிபல் கூடுதலாக ஒலிக்க வேண்டும். ஆனால் எல்லாக் கட்டடங்களிலும் எல்லா விதிகளும் அப்படியே பொருந்துவதில்லை. எச்சரிக்கைப் பொத்தான் பெரியவரின் தோள் உயரத்தில் இருப்பது வழக்கம். சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்காக, வல்லுநர் ஒப்புதலோடு அதைத் தாழ்த்தி வைத்தால் அது விலகல். மணி பழுதாகிக் கிடந்தால் அது குறைபாடு. விலகலுக்குக் காரணம் எழுதலாம். குறைபாட்டை உடனே சரிசெய்ய வேண்டும்; காரணம் எழுதி மூடக்கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு

தாம்பரம் அருகே, ரயில் பாதையை ஒட்டியது எங்கள் பள்ளி. எட்டாம் வகுப்பில் ஒலிப் பாடத்தோடு இதைச் செய்தேன். அறைக்கு இரு மாணவர்கள் நின்றனர், மணி அடித்தோம். ரயில் இல்லாதபோது எங்கும் கேட்டது. மின்தொடர் வண்டி கடந்தபோது, கதவு மூடிய மாடிக் கணினி அறையில் கேட்கவில்லை. செவித்திறன் குறைந்த தோழனுக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியே அன்றைய பாடத்தின் மையமாயிற்று.

மாடியில் கைமணி ஒன்றும், அந்த மாணவனை அழைத்துவர இரு தோழர்களும் என முடிவு செய்தோம். இவை தற்காலிக ஏற்பாடுகளே. கூடுதல் ஒலிப்பானும் ஒளிரும் விளக்கும் கேட்டுத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்துள்ளோம்.

பதிவேடு

ஒரு நோட்டில் ஆறு கட்டங்கள் போதும்: இடம், பொருந்தாத விதி, காரணம், மாற்று ஏற்பாடு, ஒப்புதல் தந்தவர், மறுபார்வை நாள். விலகலை ஏற்பதா என்பதை ஆசிரியர் தனித்து முடிவு செய்யக்கூடாது. தீயணைப்புத் துறையினரின் கருத்தைக் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் நோட்டை வைக்க வேண்டும். ஓர் அறை கூடினாலோ, சுவர் எழுந்தாலோ, புதிய மாணவர் சேர்ந்தாலோ பழைய பதிவு செல்லாது; மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஆசிரியர்கள் மாறுதலாகிச் செல்வோம். நாம் அறிந்த குறை நம்மோடு போய்விடாமல், அடுத்து வருபவர் கையில் இருக்கச் செய்வது அந்த நோட்டுதான்.