எல்லை கடக்கும் கோப்புகள்

முன்னுரை

ஓசூர்ச் சந்தையில் ஒரு கூடைத் தக்காளி விலைபோவதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் ஒலித்துவிடுகின்றன. அங்கே மொழி எவருக்கும் தடையாவதில்லை. ஆயின், ஒரே மேசையில் உள்ள இரு கணினிகளிடையே ஒரு கோப்பினை அனுப்ப முற்படுகையில் நாம் திகைத்து நிற்கிறோம். 2011-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் ஒருங்கே அமைந்த கணினிகள் வழங்கப்பட்டன. ஆகவே இச்சிக்கல் நம் மாணவர்க்குப் புதிதன்று. இதன் தடைகள் ஐந்தனையும் வரிசை பிறழாது ஆராய்ந்தால் தீர்வு எளிதாகும்.

1. வழி

இரு கணினிகளும் ஒரே வலையமைப்பில் உள்ளனவா என முதலில் காண்க. பெயரால் தேடிக் கிட்டாவிடின் ஐ.பி. முகவரியால் தேடுக. விண்டோஸில் அவ்வலையமைப்பு 'பொது' என்று குறிக்கப்பட்டிருப்பின், பாதுகாப்புக் கருதி அது பகிர்வை மறுத்துவிடும். நம்பகமான துறை வலையமைப்பாயின் 'தனியார்' என மாற்றுதல் வேண்டும்.

2. பொதுமொழி

விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் நெறிமுறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட நிரலிலிருந்து வளர்ந்த சாம்பா என்னும் மென்பொருள், லினக்ஸுக்கு இம்மொழியைக் கற்பித்தது. இது நம் சம்பா நெல் அன்று. எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் பயிலும் சொல்லை அவர் அகராதியில் தேடிக் கண்ட பெயராகும். இந்நெறிமுறையின் முதற்பதிப்பிலிருந்த குறையைப் பயன்படுத்தியே 2017-இல் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. அதன்பின் வந்த விண்டோஸ் பதிப்புகளில் முதற்பதிப்பு இயல்பாக இயங்குவதில்லை. அதனை மீண்டும் இயக்குவது கள்வனுக்குக் கதவு திறப்பதாகும். பழைய சாம்பாவைப் புதுப்பித்தலே முறை.

3. இசைவு

நம் மாநில எல்லையில் ஜூஜூவாடியில் ஒன்றும் அத்திப்பள்ளியில் ஒன்றுமாகச் சாவடிகள் இருந்ததை மூத்தோர் அறிவர். ஒன்று விடுத்த வண்டியை மற்றொன்று நிறுத்தக்கூடும். அதுபோன்றே பகிர்வுக்கான இசைவு வேறு, கோப்புறைக்கான இசைவு வேறு. இரண்டும் இருந்தாலன்றிக் கோப்பு திறவாது. மேலும், லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் இருந்தால் மட்டும் போதாது. சாம்பாவில் அப்பயனருக்குத் தனியே கடவுச்சொல் பதிதல் வேண்டும்.

4. பெயர்

கேள்விக்குறி, முக்காற்புள்ளி முதலியன லினக்ஸ் கோப்புப் பெயரில் வரலாம், விண்டோஸில் வாரா. லினக்ஸில் ஒரு பெயரின் எல்லை பொதுவாக 255 பைட்டுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்வதால் 85 குறிகளே அடங்கும். 'கு' என்பதே இரு குறிகள். ஆகவே ஆய்வேட்டின் முழுத்தலைப்பையும் கோப்புக்குப் பெயராகச் சூட்டுதல் தவறு.

5. எழுத்து

மேற்கூறிய நான்கும் நீங்கியபின் எஞ்சுவதே தமிழர்க்கு உரிய பெருந்தடை. எம்.பில். பட்டத்திற்காகக் கிருஷ்ணகிரி வட்டாரத் தாலாட்டுகளை நாம் தொகுத்துக் கடைகளில் தட்டச்சு செய்வித்தோம். ஏட்டில் இடம்பெறாத பாடல்கள் பல, குறுந்தகட்டில் மட்டுமே இருந்தன. பல்லாண்டு கழித்து அதனைத் துறையின் லினக்ஸ் கணினியில் திறந்தபோது, பாடல்களுக்கு மாறாகப் பொருளற்ற உரோமன் எழுத்துகள் நிரம்பியிருந்தன. கோப்பில் ஒரு பைட்டும் குறையவில்லை, தமிழைத்தான் காணோம்.

கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோரின் அரபுத்தமிழ் நூல்களை எண்ணிப் பாருங்கள். அரபு மட்டும் அறிந்தவர் எழுத்துகளைக் கூட்டி ஒலிப்பார்; பொருள் அறியார். தமிழ் மட்டும் கற்றவர் எழுத்தையே அறியார். இரண்டையும் இணைக்கும் திறவுகோல் உடையவர்க்கே நூல் பேசும். பழைய எழுத்துருக்களின் நிலையும் இதுவே. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியேற்றம் வகுத்தது. 1999-இல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டேம், டேப் என்னும் தரங்கள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் ஏற்றது.

கோப்பினுள் பதிந்திருந்த எழுத்துருப் பெயரே நமக்குத் திறவுகோலாயிற்று. அது டேப் முறை எனத் தெளிந்து, என்.எச்.எம். மாற்றியால் யூனிகோடாக்கி, அச்சுப்படியோடு ஒப்பிட்டுப் பிழை களைந்தோம். ஆயின், வேறொரு கடையில் அடித்த சில பக்கங்கள் எழுத்துருப் பெயருமின்றி வெற்று உரைக்கோப்பாக இருந்தன. அவை எம்முறையைச் சார்ந்தவை என இன்றுவரை அறிய இயலவில்லை. பாடித் தந்த மூதாட்டியர் பலர் மறைந்துவிட்டனர். அப்பாடல்கள் கண்ணெதிரே இருந்தும் ஊமையாயின.

முடிவுரை

வழி, பொதுமொழி, இசைவு, பெயர் ஆகிய நான்கிலும் நேரும் பிழையைப் பின்னரும் திருத்தலாம். எழுத்தில் நேரும் பிழையோ காலம் கடந்தால் திருத்த அரிதாகும். ஆகவே மாணவர்கள் தம் ஏடுகளை யூனிகோடில் சேமித்து, அச்சுப்படி ஒன்றையும் காத்தல் வேண்டும். பெரியோர் தம்மிடமுள்ள பழைய தகடுகளை, எழுத்துருவின் பெயர் நினைவில் உள்ளபோதே, துறைக்குத் தந்து மாற்றிக்கொள்ள வேண்டுகிறோம். நம்மை நம்பிப் பாடியவர்களின் சொல் நம்மிடம் உள்ள அமானிதம். அதனை அடுத்த தலைமுறையிடம் படிக்கத்தக்கதாக ஒப்படைத்தல் நம் கடன். இறைவன் துணைபுரிவானாக.