துறைமுகம் இல்லாத தளபதி

பிள்ளைச்சாவடி, புதுச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

கடற்படையில் சேர விரும்புவதாக எழுதியிருந்தாய். அந்த வேலையில் பெரியவர் என்று யாரைச் சொல்லலாம் என்றும் கேட்டிருந்தாய். புதுச்சேரியில் புஸ்ஸி வீதி எல்லாருக்கும் தெரியும். சுஃப்ரேன் வீதி என்றும் ஒன்று உண்டு. அந்தப் பெயருக்குரிய பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன், 1782, 1783 ஆண்டுகளில் நம் கரையிலும் இலங்கைக் கடலிலும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸுடன் ஐந்து முறை மோதியவர். அந்த ஐந்து சண்டைகளிலும் இரு தரப்பிலும் ஒரு பெரிய போர்க்கப்பல்கூட எதிரியால் மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. பிறகு அவரை ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். பிறர் கப்பலை மூழ்கடிப்பதைவிடத் தன் கப்பலை மிதக்க வைப்பது கடினம். அதிகாரியின் தரம் அங்கேதான் தெரியும் என்பது என் கட்சி.

1729இல் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் பிறந்து, பதினான்கு வயதில் கடற்படையில் சேர்ந்தவர். 1747இலும் 1759இலும் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். இந்தியக் கடலில் தலைமை அவர் கைக்கு வந்தது 1782 பிப்ரவரியில், ஐம்பத்திரண்டு வயதில். புதுச்சேரியோ 1778 முதலே ஆங்கிலேயர் வசம். பாய்மரம் ஒடிந்தால் மாற்றுவதற்குச் சொந்தமான கப்பல்துறை மொரீஷியஸ் தீவில்தான் இருந்தது. அங்கே திரும்பும்படி வந்த உத்தரவை அவர் ஏற்கவில்லை. போய்விட்டால் இந்தக் கரை முழுவதும் ஹியூஸுக்கே என்பது அவர் கணக்கு. ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையைப் பிடித்தார். செப்டம்பர் 3ஆம் தேதி அதன் வெளியே நடந்த சண்டையில் அவருடைய ‘ஹெரோ’ கப்பலின் நடுப் பாய்மரமே சாய்ந்தது. துறைக்குள் திரும்பும்போது ‘ஓரியான்’ என்ற கப்பல் பாறையில் ஏறி வீணானது. அதன் மரங்களைக் கழற்றி, மரமிழந்த கப்பல்களில் நட்டார்கள். சிறு கப்பல்களின் மரங்களையும் ஆட்களையும் பெரிய கப்பல்களுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் கடலூரில் ‘பிசார்’ கப்பல் கரைக்கு மிக அருகே வந்து தரைதட்டிப் போனது. வாடைக்காற்று தொடங்கினால் இந்தத் திறந்த கரையில் நங்கூரம் தாங்காது என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹியூஸ் பம்பாய்த் துறைக்குப் போனார். சுஃப்ரேன் சுமத்ராவின் ஆச்சே கரையில் ஒதுங்கிக் காத்திருந்தார்.

இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது என்று ஒருவர் கேட்கலாம். 1783 ஜூனைப் பார். கடலூரில் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸியின் படையை ஆங்கிலேயர் சூழ்ந்திருந்தார்கள். ஹியூஸிடம் 18 கப்பல்கள், சுஃப்ரேனிடம் 15. அவற்றுக்கும் ஆள் போதவில்லை. கரையிலிருந்த புஸ்ஸியிடம் 1200 பேரைக் கடன் வாங்கிக் கப்பலேற்றி, 20ஆம் தேதி போரிட்டார். தண்ணீர் குறைந்ததாலும் மாலுமிகள் நோயில் விழுந்திருந்ததாலும் ஹியூஸ் சென்னைக்கு விலகினார். ஒன்பது நாளில் சமாதானச் செய்தி வந்துவிட்டது. அது வந்தபோது பிரெஞ்சுப் படை பணியாமல் நின்றது என்றால், பழைய மரங்களையும் கடன் ஆட்களையும் வைத்து அவர் அந்தக் கப்பல்களை ஓட்டிவந்ததால்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: அவர் போரிட்டது பிரான்சின் ஆதிக்கத்துக்காக, நமக்காக அல்ல. உண்மை. 1782 ஜூலையில் ஆங்கிலேயரோடு போரிட்டுவந்த மைசூரின் ஹைதர் அலியைச் சந்தித்து நட்பு பேசியவர்தான். ஆனால் மறு ஆண்டு சமாதானம் வந்ததும் பிரெஞ்சுக்காரர் ஹைதரின் மகன் திப்புவைத் தனியே விட்டு விலகினார்கள். ஆகவே அவரை நம் வீரர் வரிசையில் வைக்கச் சொல்லவில்லை. அவருடைய குறையையும் மறைக்க மாட்டேன். கப்பல் தலைவர்கள் பலமுறை சண்டையில் பின்தங்கினார்கள். சிலரைப் பதவி நீக்கினார். ஆனால் தன் மனத்தில் உள்ள திட்டத்தை அவர்களுக்கு விளங்கவைக்கத் தவறிய பொறுப்பு அவருடையதும்தான். மரத்தை நட்டவருக்கு மனிதரை இணைப்பது அவ்வளவு கைவரவில்லை. பிரான்ஸ் அவருக்கென்றே நான்காவதாக ஒரு வைஸ் அட்மிரல் பதவியை உண்டாக்கியது. 1788இல் அவர் இறந்ததும் அது முடிந்தது.

இனி ஒரு தளபதியின் வரலாற்றைப் படிக்கும்போது சண்டை நடந்த நாளோடு புத்தகத்தை மூடிவிடாதே. மறுநாள் காலையில் மரம் எங்கிருந்து வந்தது, குடிதண்ணீர் யார் கொண்டுவந்தார், செத்தவன் இடத்தில் யார் நின்றார் என்று தேடு. அதற்கு விடை சொல்லத் தெரிந்தவனிடம்தான் கப்பலை ஒப்படைக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்