காசு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

மே மாதம் பிறந்தால் என் வாட்ஸ்அப்பில் ரெஸ்யூம்கள் வந்து குவியும். தங்கை மகன், எதிர்வீட்டுப் பெண், கூட வேலை பார்த்தவரின் மருமகன் என்று யார் யாரோ அனுப்புகிறார்கள். எல்லோரும் எழுதுவது ஒரே வரிதான்: “அங்கிள், எங்கேயாவது ஃபார்வர்ட் பண்ணுங்க.” பண்ணுகிறேன். பெரிய பலன் இருப்பதில்லை. வேலை தேடும் தளங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல், எல்லாவற்றிலும் ஒரே ரெஸ்யூமைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதனால் இந்த வருஷம் எழுதியே வைத்துவிடுகிறேன். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் ஒருமையில் பேசுகிறேன்.

1. எந்தத் தளமானாலும் அதற்குக் காசு கட்டுவது யார் என்று முதலில் பார். நௌக்ரியை 1997-இல் சஞ்சீவ் பிக்சந்தானி தொடங்கினார். அதற்குப் பெரும்பாலும் படியளப்பவை கம்பெனிகள்தான். விளம்பரம் போடவும், உன்னைப் போன்றவர்களின் ரெஸ்யூம் குவியலில் தேடவும் அவை பணம் கட்டுகின்றன. அப்வொர்க், ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்களில் உன் கூலியிலிருந்தும் கமிஷன் பிடிக்கிறார்கள். லிங்க்ட்இன் இரண்டு பக்கமும் வாங்கும். காசு கட்டுகிறவனின் வசதிக்காகத்தான் தளம் கட்டப்பட்டிருக்கும். அவன் எப்படித் தேடுவான் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

2. நௌக்ரியில் நீ வேலை தேடுவதைவிட, ரெக்ரூட்டர் உன்னைத் தேடுவதுதான் அதிகம் நடக்கும். அவர் திரையில் சில கட்டங்கள் இருக்கும்: திறன்கள், அனுபவம், ஊர், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியாக எப்போது தளத்துக்குள் வந்தாய் என்பது. “கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர்” என்று எந்த ரெக்ரூட்டரும் தட்டித் தேடுவதில்லை. ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ், டாக்கர் என்றுதான் தட்டுவார். தலைப்பு வரியில் அதை எழுது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்திச் சேமி. சும்மா கிடக்கும் புரொஃபைல் அடியில் போய்விடும். படித்து முடித்து வீட்டில் இருக்கிறாய் என்றால் ‘உடனே சேரலாம்’ என்று போட வெட்கப்படாதே. மூன்று மாத நோட்டீஸ் வாங்கிப் பழகிய ஊரில் அது ஒரு தகுதி. தளமே காசு வாங்கிக்கொண்டு உன் ரெஸ்யூமை மேலே தூக்கிக் காட்டுகிறேன் என்று வரும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு அது வேண்டாத செலவு.

ரெஸ்யூமை வண்ணப் பட்டைகள், இரட்டைப் பத்திகள், நட்சத்திரக் குறிகள் போட்டு அலங்கரிக்காதே. பி.டி.எஃப். கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார். அங்கே எழுத்துகள் குழம்பிக் கிடந்தால் கம்பெனியின் மென்பொருளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும்.

3. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தனித் தலைவலி உண்டு: இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவத்திலோ கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் நட்சத்திரக் குறியோடு நிற்கும், நிரப்பாமல் நகர விடாது. ஒரு இடத்தில் கே. செல்வி, இன்னொரு இடத்தில் செல்வி கே., பான் அட்டையில் இனிஷியல் விரிந்து அப்பா பெயரோடு செல்வி கந்தசாமி, பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் வேறு வரிசை. விண்ணப்பிக்கும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. பின்னணிச் சரிபார்ப்பு வரும்போது, பி.எஃப். கணக்கை ஆதாரோடு இணைக்கும்போது, வெளிநாட்டுத் தளம் அடையாள அட்டை கேட்கும்போது மாட்டிக்கொள்வாய். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி இப்போதே திருத்து. வேலை கிடைத்த பிறகு திருத்த லீவு கிடைக்காது. எல்லாத் தளத்திலும் அதே வடிவத்தையே கொடு. பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதுவே இருக்கட்டும்.

4. லிங்க்ட்இன் 2003-இல் வந்தது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதை 26.2 பில்லியன் டாலருக்கு வாங்கியது. அங்கே ஒரே தட்டில் விண்ணப்பிக்கும் பொத்தான் இருக்கிறதே, உனக்கு எவ்வளவு எளிதோ மற்றவர்களுக்கும் அவ்வளவு எளிது. வேலையை அங்கே கண்டுபிடி. விண்ணப்பத்தைக் கம்பெனியின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் போடு. பல பக்கங்களுக்குப் பின்னால் வொர்க்டே, கிரீன்ஹவுஸ், லீவர் என்று ஏதாவது ஒரு மென்பொருள் ஓடும். படிவம் நீளமாக இருக்கும், அலுப்பாக இருக்கும். அந்த அலுப்பிலேயே பாதிப் பேர் விலகிவிடுவதால்தான் அங்கே போகச் சொல்கிறேன். விளம்பரம் வந்த ஓரிரு நாளுக்குள் போடு.

ரெஃபரல் கேட்பதில் நம் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். ஆளை உள்ளே கொண்டுவருகிற ஊழியருக்குப் பல கம்பெனிகள் போனஸ் தருகின்றன. நீ பிச்சை கேட்கவில்லை. ஆனால் “சார், ஏதாவது ஓப்பனிங் இருக்கா?” என்று எழுதினால் அவர் என்ன செய்ய முடியும்? எந்த வேலை, அதன் எண் என்ன, உனக்கு ஏன் பொருந்தும் என்று மூன்று வரி, கூடவே ரெஸ்யூம். அவர் அப்படியே எடுத்து உள்ளே போடும்படி இருக்க வேண்டும்.

5. ஸ்டார்ட்அப் பக்கம் போக விரும்பினால் வெல்ஃபவுண்ட் (2022 வரை அதன் பெயர் ஏஞ்சல்லிஸ்ட் டேலண்ட்), இன்ஸ்டாஹையர், கட்ஷார்ட், ஹைரிஸ்ட் எல்லாம் பார். பயிற்சி வேலைக்கு இன்டர்ன்ஷாலா. வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்ய வீ வொர்க் ரிமோட்லி, ரிமோட் ஓகே. ஹேக்கர் நியூஸில் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ஆள் தேடுகிறவர்கள் வரிசையாக எழுதுவார்கள். ‘ரிமோட்’ என்று இருந்தாலும் அடுத்த வரியைப் படி. ‘அமெரிக்காவில் இருப்பவர்கள் மட்டும்’ என்று இருக்கும். ஒரே தளத்தை நம்பி இருக்காதே. கிட்ஹப் ஜாப்ஸ் 2021-இல் மூடப்பட்டது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஜாப்ஸ் 2022-இல். எங்கே போட்டாய், என்றைக்கு, யார் பேசினார்கள் என்பதையெல்லாம் உன் ஷீட்டில் நீயே குறித்து வை.

6. அரசுத் தளங்களை ஏளனமாகப் பார்க்காதே. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015-இல் வந்தது; தமிழ்நாடு அரசுக்குத் தனியார் துறை வேலைகளுக்கென்றே ஒரு இணையதளம் இருக்கிறது. இரண்டும் இலவசம். பெரிய கம்பெனிகளின் உயர்ந்த வேலைகளை அங்கே தேடாதே. மாவட்டத்தில் எப்போது வேலைவாய்ப்பு முகாம், யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவை போதும்.

7. கான்ட்ராக்ட் வேலை என்று போன் வந்தால் பெருமைப்படுவதற்கு முன்னால் கேள்வி கேள். யாருடைய பே ரோலில் இருப்பேன்? பி.எஃப். உண்டா? எத்தனை மாதம்? நிரந்தரமாக்குவோம் என்றால் அது தாளில் இருக்கிறதா, வாயில் மட்டும் இருக்கிறதா? புராஜெக்ட் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால் சம்பளம் வருமா? இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும் கன்சல்டன்சிகள் உண்டு. மழுப்புகிறவர்களை விட்டுவிடு.

ஒரே வேலைக்கு ஐந்து கன்சல்டன்சிகள் உன்னைக் கூப்பிடும். எந்த கிளையன்ட் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒருவருக்கு மட்டும் மின்னஞ்சலில் சம்மதம் கொடு. ஒரே வரனின் ஜாதகத்தை இரண்டு தரகர்கள் தூக்கிக்கொண்டு ஒரே வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? யாருக்குத் தரகுத் தொகை என்ற சண்டைக்குப் பயந்து, பெண் வீட்டார் வரனையே தள்ளிவிடுவார்கள்.

‘பேக்டோர்’ வழியாக வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் பேச்சே வேண்டாம். போலி அனுபவச் சான்றிதழும் வேண்டாம். நீ எங்கே எத்தனை நாள் வேலை செய்தாய் என்பது பி.எஃப். கணக்கில் வரிசையாகத் தெரியும்.

8. தனியாக வேலை எடுத்துச் செய்யும் தளங்கள். ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு பழைய தளங்கள் இணைந்து 2015-இல் அப்வொர்க் என்று பெயர் மாறின. அங்கே விண்ணப்பம் போடவே ‘கனெக்ட்ஸ்’ என்ற டோக்கன்களைச் செலவழிக்க வேண்டும்; வேலை கிடைத்தால் கமிஷன் வேறு. 2023-இல் அது 10 சதவீதம் என்று ஒரே மட்டமாக இருந்தது. 2025 முதல் வேலையைப் பொறுத்து 15 சதவீதம் வரை போகிறது. 2010-இல் வந்த ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. நூறு டாலர் வேலைக்கு எண்பதுதான் உனக்கு; ரூபாயாக மாற்றும்போது அதிலும் கொஞ்சம் கரையும். விலை சொல்லும்போதே இதைக் கணக்கில் வை.

மொத்த விலைக்குப் பேசிய வேலையானால், கிளையன்ட் அந்தக் கட்டத்துக்கான பணத்தைத் தளத்தில் போட்டுவிட்டார் என்று பார்த்த பிறகே கை வை. மணிக்கணக்கு வேலையானால் தளத்தின் கண்காணிப்பு மென்பொருள் உன் திரையைப் படமெடுத்துக்கொண்டே இருக்கும். எரிச்சலாக இருந்தாலும் பணத்துக்கு அதுதான் சாட்சி. பேச்சு தொடங்கியதும் “டெலிகிராமுக்கு வா” என்கிறவர் கிளையன்ட் இல்லை.

“எல்லாம் செய்வேன்” என்று எழுதாதே. ஷாப்பிஃபை கடை மெதுவாகத் திறக்கிறது, சரிசெய்வேன் என்று எழுது. விண்ணப்பத்தின் முதல் இரண்டு வரியைத்தான் அவர் முதலில் பார்ப்பார். அதில் உன் ஊர், கல்லூரி, சதவீதம் எதுவும் வேண்டாம், அவருடைய சிக்கலைப் பற்றிப் பேசு.

இன்னொன்று, இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முதல் கிளையன்டைக் கலிஃபோர்னியாவில் ஏன் தேடுகிறாய்? திருப்பூர் பனியன் கம்பெனி, நாமக்கல் லாரி ஆபீஸ், சிவகாசி அச்சகம், கோயம்புத்தூர் பம்ப் பட்டறை என்று இன்னும் கையால் எழுதியும் எக்ஸெலில் தட்டியும் தடுமாறுகிற இடங்கள் ஏராளம். அவர்கள் எந்தத் தளத்திலும் ஆள் தேடி விளம்பரம் போடுவதில்லை. கூகுள் மேப்பில் உன் ஊரைத் திற. இணையதளம் இல்லாத கடைகளை எண்ணிப் பார். கமிஷன் கிடையாது, போட்டிக்கு ஆளும் குறைவு. பணம் மட்டும் இழுத்தடிப்பார்கள். மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் வாங்காமல் லேப்டாப்பைத் திறக்காதே.

9. வேலை கொடுக்கிறவன் உன்னிடம் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் அதேதான். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று முதலில் நூறு இருநூறு அனுப்பி, பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லும் டெலிகிராம் கும்பலும் இதே ரகம். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ அவ்வளவு நல்லது.

நிரல் எழுதுகிறவர்களைக் குறிவைக்கும் மோசடி வேறு மாதிரி. லிங்க்ட்இனில் ரெக்ரூட்டர் போல ஒருவர் வருவார். இன்டர்வியூவுக்கு என்று ஒரு கிட்ஹப் இணைப்பு அனுப்பி, இறக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்வார். ஓட்டினால் உன் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் கிரிப்டோ பணமும் போய்விடும். 2023 முதல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்து வருகிறார்கள். வடகொரியக் குழுக்களின் கைவரிசை என்கிறார்கள். தெரியாதவர் கொடுத்த நிரலைத் தனி மெய்நிகர் கணினியில் மட்டும் ஓட்டு. அது தெரியாவிட்டால் ஓட்டாதே.

எல்லாவற்றிலும் கொடுமையானது 2022-இல் வெளிவந்தது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை, நல்ல சம்பளம், இலவச டிக்கெட் என்று அழைத்துப் போனார்கள். போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிப் பக்கம் கொண்டுபோய் அடைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேரச் சொன்னால் விமானம் ஏறாதே. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

10. கையில் வேலை இருக்கும்போது இரவில் இன்னொரு வேலை செய்யலாமா என்று கேட்பார்கள். உன் ஒப்பந்தத்தைப் படி. 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதைச் செய்தியில் பார்த்திருப்பாய். வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வந்தால் அதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வை. வரிக் கணக்கைத் தவறாமல் தாக்கல் செய். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும் நிலை வந்தால் ஜி.எஸ்.டி. பற்றி ஒரு ஆடிட்டரிடம் போ. அப்போது உனக்கு அவருடைய ஃபீஸ் கொடுக்க வசதி இருக்கும்.

11. காலையில் ஒரு மணி நேரம் தளங்களுக்கு, அவ்வளவுதான். மிச்ச நேரத்தில் ஏதாவது செய்து கிட்ஹப்பில் போடு. சென்னையில் இருந்தால் பைதான்காரர்களின் சென்னைபை கூட்டம் மாதாமாதம் நடக்கிறது, போய் உட்கார். ஆள் தேவை என்ற செய்தி பல சமயம் விளம்பரமாகும் முன்பே இப்படிப்பட்ட இடங்களில் காதில் விழும்.

12. ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது என்று தேடுவதை நிறுத்தாதே. 2022, 2023-இல் ஆஃபர் கையில் வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் ஏராளம். முதல் சம்பளம் கணக்கில் விழட்டும். அன்றைக்கு நௌக்ரி புரொஃபைலை மறைத்து வை, இல்லாவிட்டால் மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதுதான் ரெக்ரூட்டர் கூப்பிடுவார். உனக்காக உள்ளே சொன்னவருக்கும் ஒரு போன் போடு. நீ சேர்ந்த விஷயம் அவருக்கு ஹெச்.ஆர். மூலம் தெரியக்கூடாது.