சிறைவாசிகளின் நலவாழ்வும் போதை மீட்புச் சிகிச்சையும்

நம் நாட்டுச் சிறைகளில் 2022 டிசம்பர் 31 அன்று 5,73,220 பேர் இருந்தனர். இவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். இவர்களில் பெரும்பாலோர் என்றேனும் ஊர் திரும்புவர். சிறையில் கவனிக்கப்படாத நோயும் அவர்களுடன் திரும்பும். ஆகவே சிறை மருத்துவம் பொதுச் சுகாதாரத்தின் ஓர் அங்கமேயாகும்.

சட்டத்தின் வகைமுறைகள்

சிறைக்கு வரும் ஒவ்வொருவரையும் மருத்துவ அலுவலர் பரிசோதிக்கவும், ஒவ்வொரு சிறையிலும் நோயுற்றோருக்கு இடம் ஒதுக்கவும் 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் விதிக்கிறது. போதைப் பொருளை உட்கொண்ட அல்லது சிறிதளவு வைத்திருந்த குற்றத்தில் குற்றவாளி எனக் காணப்படும் போதை அடிமையை, அவர் இசைவுடன், சிகிச்சைக்கு அனுப்ப 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. மாநிலத்திற்கு ஒரு சிறையிலேனும் மனநல மருத்துவப் பிரிவு அமைய வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் விதி.

மும்பை தரும் பாடம்

மும்பையின் ஆர்தர் சாலைச் சிறை 804 பேருக்கு இடமுள்ளதாக நெடுங்காலம் கணக்கிடப்பட்டது. அடைக்கப்பட்டவர்களோ மூன்று மடங்குக்கும் மேல். 2020 மே மாதத்தில் அங்கே கைதிகளும் பணியாளர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. அதே காலத்தில் நெரிசல் மிகுந்த தாராவியில், நோயாளி வரட்டும் என்று காத்திராமல் மாநகராட்சி வீடு வீடாகச் சென்று சோதித்தது. தொற்று கட்டுக்குள் வந்தது. தேடிச் செல்லும் இம்முறை போதை நோய்க்கும் பொருந்தும்.

இரு ஆபத்தான கட்டங்கள்

முதலாவது, சிறை புகும் நாட்கள். குடியைத் திடீரென நிறுத்துவோருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே தீங்காகலாம். பிரவுன் சுகர் பழக்கமுள்ளோர் வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மையால் துன்புறுவர். இது நடிப்பு எனத் தள்ளப்படலாகாது. இரண்டாவது, விடுதலைக்குப் பிந்தைய இரு வாரங்கள். தாங்கும் திறன் குறைந்த உடலில் பழைய அளவு செலுத்தப்பட்டால் மூச்சு நின்றுவிடும். நாவின் அடியில் வைக்கும் பியூப்ரநார்ஃபின் மாத்திரைச் சிகிச்சை 2008இல் திகார் சிறையில் தொடங்கப்பட்டது. சிறைக்குள்ளும் இது இயலும் என்பதற்கு அது சான்று.

செய்யத்தக்கவை

முதல் நாள் பரிசோதனையில் குடி, போதைப் பழக்கம் பற்றிய கேள்விகளும் இடம்பெற வேண்டும். காவல் துணை கிடைக்காமல் வெளி மருத்துவமனைப் பயணம் தள்ளிப்போவதைத் தவிர்க்க, வல்லுநர்களே குறித்த நாளில் சிறைக்கு வரலாம். விடுதலையாவோரிடம் மருத்துவக் குறிப்பும் சில நாள் மருந்தும் தரப்பட வேண்டும். தாராவி, மாட்டுங்கா பகுதியினருக்குச் சயான் மருத்துவமனை அருகிலேயே உள்ளது. செம்பூரை அடுத்த தேவ்னாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'பிரயாஸ்' திட்டம் 1990 முதல் சிறைகளில் சமூகப் பணியாளரை ஈடுபடுத்தி வருகிறது. சிறையையும் மருத்துவமனையையும் இணைக்க இத்தகையோர் இன்றியமையாதவர். இதற்கான செலவு, ஒருவர் மீண்டும் மீண்டும் சிறைப்படுவதால் அரசுக்கும் குடும்பத்திற்கும் நேரும் இழப்போடு ஒப்பிடுகையில் சிறிதே.